பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும் நெருப்பு



சம்பளத்தையும் வீட்டையும் காணியையும் பற்றி எழுதும் இந்தப் பக்கத்தில், இம்முறை ஒரு பிஸ்கட் டின்னைப் பற்றி எழுதுகிறோம். காரணம் இருக்கிறது.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு தோட்டத் தலைவர் கொட்டகலையில் உள்ள எமது காரியாலயத்துக்கு வந்தார். கையில் பழைய பிஸ்கட் டின் ஒன்று. அதை மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு செல்கள். பழுதாகிப்போன லெப்டொப் பெட்டரிகளை உடைத்து எடுத்தவை. ஈயம் வைத்து, வயரால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. அவரது லயத்தில் உள்ள ஓர் இளைஞர் செய்தது. கரண்ட் போனால் மூன்று காம்பராக்களுக்கு அது வெளிச்சம் தருமாம். அக்கம்பக்கத்து போன்களுக்கும் சார்ஜ் ஏற்றுமாம்.

"பையன் கெட்டிக்காரன் தாங்க. கொற சொல்ல முடியாது. ஆனா நேத்து ராத்திரி தொட்டுப் பார்த்தா சும்மாவே சூடா இருந்திச்சு. ஒரு மாதிரி வாடையும் வந்திச்சு. கட்டிலுக்குக் கீழ வச்சிருந்தாங்க. மனசு கேக்கல, தூக்கிட்டு வந்துட்டேன்" என்றார்.

நாமும் விளங்காமல் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தோம். நல்ல வேளையாக, மின்சார வேலை தெரிந்த சகோதரர் ஒருவர் அங்கே இருந்தார். ஒரு செல்லின் வயிறு நசுங்கியிருப்பதையும், இன்னொன்றின் மேலுறை கிழிந்து ஈரம் கசிந்திருப்பதையும் அவர்தான் காட்டினார். டின்னை உடனே முற்றத்துக்குக் கொண்டுபோய், கட்டட வேலைக்குக் குவித்திருந்த மணலில் வைத்தார். "இத மடியில வச்சுக்கிட்டா அண்ணே பஸ்ல வந்தீங்க?" என்று அவர் கேட்டபோதுதான் எல்லோருக்கும் முகம் மாறியது.

ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் ஒரு பஸ் நிறைய ஆட்கள். முந்திய இரவு நடந்திருந்தால் ஒரு லயம். ஆகவே இதை எழுதுகிறோம்.

ஏன் செய்கிறார்கள்?

"பொடியன்களுக்கு வேறு வேலை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. அது நியாயம் இல்லை.

நாம் வாழும் இந்த மலைகளைப் பாருங்கள். லக்ஷபான மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும், நோர்ட்டன் பிரிட்ஜ் விமலசுரேந்திர மின் நிலையமும் எமது தோட்டங்களுக்கு நடுவே இருக்கின்றன. 2012 இல் திறக்கப்பட்ட 150 மெகாவோட் மேல் கொத்மலை நிலையத்துக்கான தண்ணீர், கொட்டகலையிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் உள்ள தலவாக்கலையில் தேங்கி நிற்கிறது. நாட்டுக்கு வெளிச்சம் எங்கள் மலைத் தண்ணீரில் இருந்து போகிறது. லயத்துக்கு வரும் வெளிச்சமோ காற்றடித்தால் போய்விடும், மழை பெய்தால் போய்விடும், மரக்கிளை விழுந்தால் போய்விடும்.

2022 ஆம் ஆண்டை யாரும் மறக்கவில்லை. மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கும் வரிசை, எரிவாயுவுக்கும் வரிசை. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுதிரிக்கும் வழியில்லாமல் இருந்தார்கள். பல வீடுகளில் இந்தக் கைவேலை தொடங்கியது அந்தக் காலத்தில்தான். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே இருளில் மூழ்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியும் மண்சரிவும் எம்மை உலுக்கின. வீதி இல்லை, கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூட முடியாத நாட்கள் அவை. அந்த நேரத்தில் ஒரு லயத்தில் யாரோ ஒரு பிள்ளை செய்து வைத்திருந்த பெட்டரிப் பெட்டி எவ்வளவு பெரிய உதவி என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

ஆகவே இந்த இளைஞர்களை நாம் திட்ட வரவில்லை. அவர்கள் குப்பைக்குப் போன பொருளில் இருந்து வெளிச்சம் எடுத்தார்கள். ஆனால் அந்தக் குப்பைக்குள் என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

செல்லுக்குள் என்ன இருக்கிறது?

எமது தாத்தா பாட்டி காலத்து டோர்ச் பெட்டரி நினைவிருக்கும். மங்கிப்போனால் வெயிலில் காய வைப்போம். அடுப்பு மேட்டில் சூடு காட்டுவோம். பல்லால் கடித்து, கல்லால் தட்டி இன்னும் இரண்டு இரவு ஓட்டுவோம். அந்தப் பெட்டரி அதைப் பொறுத்துக்கொண்டது. லித்தியம் செல் பொறுக்காது. எல்லாமே 'பெட்டரி' என்று ஒரே பெயரால் அழைக்கப்படுவதால், பழைய பழக்கத்தைப் புதிய பொருளிலும் காட்டுகிறோம். ஆபத்து அங்கேயே தொடங்கிவிடுகிறது.

லெப்டொப்பிலும் பவர் பேங்கிலும் இருக்கும் உருளைச் செல்லை 18650 என்பார்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அதன் பொருள். அதற்குள் இரண்டு உலோகத் தாள்கள் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அவை ஒன்றையொன்று தொடாமல் இருக்க, இடையில் தலைமயிரை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். இவையெல்லாம் ஊறிக் கிடப்பது தீப்பற்றக்கூடிய ஒரு திரவத்தில்.

செல் கீழே விழுந்து நசுங்கினால், ஆணி குத்தினால், அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினால், சூடு பட்டால், அந்த மெல்லிய தாள் கிழியலாம் அல்லது உருகலாம். இரண்டு உலோகத் தாள்களும் உள்ளேயே தொட்டுக்கொள்ளும். அதுதான் ஷோட். ஷோட்டால் சூடு பிறக்கும், சூட்டால் தாள் இன்னும் உருகும், அதனால் இன்னும் சூடு. ஒரு கட்டத்துக்கு மேல் இந்தச் சூட்டை எவராலும் நிறுத்த முடியாது. சில நொடிகளில் அது 500 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். செல் சீறி, வெடித்து, பக்கத்துச் செல்லைச் சுடும். அது அதற்கடுத்த செல்லைச் சுடும். பிஸ்கட் டின்னில் இருந்த பன்னிரண்டு செல்களில் பத்து நல்லவையாக இருந்தாலும் பயன் இல்லை. பழுதான ஒன்று மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

வீட்டில் செய்யும் பெட்டிகளில் இன்னும் மூன்று குறைகளைக் காண்கிறோம்.

முதலாவது, சார்ஜர். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம். மூன்று செல்களை வரிசையாகப் பிணைத்தால் 12.6 வோல்ட். அதைப் பார்த்து, "12 வோல்ட் தானே" என்று வேன், லொறி பெட்டரிக்கான சார்ஜரைக் கொடுக்கிறார்கள். அது 14.4 வோல்ட் வரை தள்ளும். அப்படியென்றால் ஒவ்வொரு செல்லுக்கும் 4.8 வோல்ட். சிறிய சோலார் தகட்டை நேராகப் பிணைத்தால் இன்னும் மோசம். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் தகடு நல்ல வெயிலில் 18 வோல்ட்டுக்கு மேலும் தரும்.

இரண்டாவது, ஈயம் வைப்பது. கம்பனிகளில் செல்களை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்வார்கள். நாம் 300 பாகைக்கு மேல் சூடான ஈயக்கோலைச் செல்லின் தலையில் வைத்து அழுத்துகிறோம். நல்ல செல்லும் அந்த இடத்திலேயே காயப்படுகிறது. வெளியே தெரியாது.

மூன்றாவது, காவல் இல்லாமை. கம்பனிப் பெட்டரிக்குள் ஒரு சிறிய மின்பலகை இருக்கும். அளவு மீறினால் அது துண்டித்துவிடும். செல்லை உடைத்தெடுக்கும்போது அந்தப் பலகையைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். பாதுகாப்பு வால்வு இல்லாத பிரஷர் குக்கரை அடுப்பில் வைத்ததற்குச் சமம்.

2016 ஆம் ஆண்டு சாம்சுங் கம்பனி தனது 'நோட் 7' போன்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. காரணம், பெட்டரி தீப்பற்றியது. ஆய்வுகூடமும் இஞ்சினியர்களும் உள்ள கம்பனிக்கே அந்த நிலை என்றால், லயத்துக் காம்பராவில் கண்ணால் பார்த்து "இது நல்லது" என்று எப்படிச் சொல்வது?

வேலூர் முதல் நியூயோர்க் வரை

இது எங்கோ நடக்கும் கதை என்று எண்ண வேண்டாம். 2022 மார்ச் மாதக் கடைசியில், தமிழ்நாட்டின் வேலூரில் சின்ன அல்லாபுரம் என்ற இடத்தில், ஒரு தந்தை தன் மின்சார ஸ்கூட்டரை இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினார். அது தீப்பற்றியது. காற்றோட்டம் குறைந்த சிறிய வீடு. தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அடுத்த மாதமே விஜயவாடாவில், படுக்கையறையில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் பெட்டரி வெடித்து ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு செப்டெம்பர் 12 ஆம் திகதி இரவு, செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் கடை ஒன்றில் மூண்ட தீயின் புகை மேல்மாடி விடுதிக்குள் ஏறியது. எட்டுப் பேர் மாண்டார்கள்.

இவை கடையில் வாங்கிய பெட்டரிகள். பழைய செல்லில் கட்டிய பெட்டரிகளின் கதைக்கு அமெரிக்காவின் நியூயோர்க் நகரைப் பார்க்கலாம். அங்கே சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து பிழைக்க வந்தவர்கள். புதுப் பெட்டரி வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் மலிவான பெட்டரியையும், பழைய செல்களைப் பிரித்துக் கட்டிய பெட்டரியையும் வாங்கினார்கள். 2023 ஆம் ஆண்டில் மட்டும் அந்த நகரில் லித்தியம் பெட்டரிகளால் 268 தீ விபத்துகள், 18 மரணங்கள். பாவித்த பெட்டரியில் இருந்து எடுத்த செல்லைக் கொண்டு பெட்டரி கட்டுவதையும் விற்பதையும் அந்த ஆண்டே நகரச் சட்டம் தடை செய்தது. ஏழைத் தொழிலாளி மலிவு தேடிப் போன இடத்தில் மரணம் காத்திருந்தது. எமது நிலையும் அதுவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 24 ஆம் திகதி, தென் கொரியாவின் ஹ்வாசோங் நகரில் ஒரு லித்தியம் பெட்டரித் தொழிற்சாலையில் 23 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் 18 பேர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஒரே ஒரு பெட்டரியில்தான் முதலில் புகை வந்தது. தொழிலாளர்கள் தீயணைப்புக் கருவியோடு ஓடி வந்து அணைக்கப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் அந்த இடம் முழுவதும் புகையால் நிறைந்துவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பும் அங்கே ஒரு சிறிய தீ மூண்டிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 2025 செப்டெம்பரில் விசாரணை நீதிமன்றம் அந்தக் கம்பனியின் தலைவருக்கு 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சிறிய எச்சரிக்கையை அலட்சியம் செய்தால் அதற்கு விலை கொடுப்பது தொழிலாளிதான். எமக்குக் கிடைத்த சிறிய எச்சரிக்கை அந்தப் பிஸ்கட் டின்.

லயத்தில் பற்றினால்

தனி வீட்டில் தீப்பிடித்தால் ஒரு வீடு. லயத்தில் அப்படி இல்லை. பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை, ஒரே வளைமரம். தகரத்துக்குக் கீழே நூறாண்டு காய்ந்த மரச்சட்டம். சுவருக்கு மேலே அடுத்த வீட்டுக்கு இடைவெளி. வீட்டுக்குள் விறகு, உடுப்பு, பிள்ளைகளின் கொப்பி. பல காம்பராக்களில் வாசல் ஒன்றே. எமது மலையகத்தில் லயம் எரிந்து, உடுத்த துணியோடு வெளியே நின்ற குடும்பங்கள் எத்தனை என்பதை நீங்கள் அறிவீர்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு என எல்லாம் ஒரு இரவில் சாம்பல். தீயணைப்பு வண்டி நகரத்தில் இருந்து தோட்டத்துப் பாதையில் ஏறி வருவதற்குள் கூரை விழுந்துவிடும்.

அத்தோடு இந்தப் பெட்டரிப் புகை விறகுப் புகை போன்றது அன்று. அதில் காபன் மொனொக்சைட்டும், நுரையீரலைப் புண்ணாக்கும் அமில வாயுவும் கலந்திருக்கும். தூங்குபவரை அது எழும்ப விடாது.

ஆகவே செல் சீறத் தொடங்கினால், அணைக்கப் போகாதீர்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் முதலில் வெளியே எடுங்கள். கதவைச் சாத்துங்கள். தகரத்தைத் தட்டியோ தப்பை அடித்தோ லயம் முழுவதையும் எழுப்புங்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். 110 தீயணைப்பு, 1990 அம்புலன்ஸ். ஈரச் சாக்கைப் போட்டு மூட முகத்தை அருகில் கொண்டு போகாதீர்கள். வெளியே பாதுகாப்பாக நின்று ஊற்ற முடியுமானால், கரண்டை நிறுத்திய பின் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் செல்லைக் குளிரவைத்துத் தீ பரவுவதைத் தடுக்கும். அணைந்தது போலத் தெரிந்தாலும் அந்தப் பெட்டியை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். சில மணித்தியாலம் கழித்தும், சில நேரம் மறுநாளும் அது திரும்பப் பற்றும்.

தீக்காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். கொட்டகலை வைத்தியசாலைக்கோ டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கோ உடனே கொண்டு போங்கள். புகையைச் சுவாசித்தவர் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

இந்தப் பத்திரிகையை வாசித்து முடித்ததும், வீட்டில் இருக்கும் பெட்டரிகளை எல்லாம் ஒருமுறை பாருங்கள். வீங்கியது, நசுங்கியது, மேலுறை கிழிந்தது, துருப்பிடித்தது, கசிந்தது, நகப்பூச்சு வாடை போல ஏதோ வாடை வருவது, சும்மா இருக்கும்போதே சூடாக இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் அதன் காலம் முடிந்தது. திருத்த முடியாது. வெள்ளத்தில் நனைந்த பெட்டரியும் அப்படியே. காய்ந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். உள்ளே போன தண்ணீரின் வேலை வாரக்கணக்கில் தொடரும். மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்த செல்லைத் திரும்ப எழுப்புவதும் ஆபத்தே.

அப்படியான செல்லின் இரு முனைகளையும் டேப்பால் ஒட்டுங்கள். காய்ந்த மணல் போட்ட தகர டின்னிலோ மண்சட்டியிலோ வைத்து, மழை படாத இடத்தில், லயத்துக்கும் விறகுக்கும் தூரமாக வையுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது. அடுப்பில் போடாதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள், கானில் வீசாதீர்கள்.

நல்ல பெட்டரியானாலும் இரவில் தூங்கும்போது சார்ஜ் போட வேண்டாம். காலையில் சார்ஜ் போட்டுவிட்டு மலைக்குப் போகவும் வேண்டாம். வீட்டில் இருப்பது பாட்டியும் சின்னப் பிள்ளையும்தான். வேலை முடிந்து வந்ததில் இருந்து படுக்கும் வரை, கண் முன்னே சார்ஜ் போடுங்கள். கட்டிலிலோ தலையணைக்குக் கீழோ வாசற்படியிலோ வைக்காதீர்கள். வாசலில் பற்றினால் வெளியே வர வழி இல்லை.

நாம் கேட்பது என்ன?

இவ்வளவையும் தொழிலாளிக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் இந்தத் தலையங்கம் பாதி உண்மையாகிவிடும்.

எமது நாட்டிலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு கவிழ்ந்து எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் எரிந்து போனார்கள். டொக்டர் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவர்களுக்குச் சிகிச்சை அளித்து அலுத்துப்போனார். "குப்பி விளக்கைக் கொளுத்தாதே" என்று அவர் ஏழைகளைத் திட்டவில்லை. இருட்டில் இருப்பவன் எதையாவது கொளுத்தத்தான் செய்வான் என்பது அவருக்குத் தெரியும். கட்டையான, பாரமான, உருண்டு போகாதபடி பக்கங்கள் தட்டையான, திருகு மூடி போட்ட ஒரு கண்ணாடி விளக்கை உருவாக்கினார். விழுந்தாலும் எண்ணெய் சிந்தாது. மிகக் குறைந்த விலையில் அதை மக்களுக்குக் கிடைக்கச் செய்தார். அதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

குப்பி விளக்கின் இடத்தில் இன்று பிஸ்கட் டின் இருக்கிறது. நாம் கேட்பதும் அதே வழியைத்தான்.

தோட்ட நிர்வாகங்களிடம்: லயங்களின் மின்கம்பி இணைப்புகளைத் தகுதியுள்ள மின்தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு பரிசோதித்து, பழுதானதை மாற்றுங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் காரியாலயத்துக்கு அருகே, மணல் போட்ட ஒரு பெட்டரிச் சேகரிப்புப் பெட்டி வையுங்கள். கொழுந்து பறிக்கும் மெஷினுக்கும் மருந்து அடிக்கும் மெஷினுக்கும் கொடுக்கும் பெட்டரிகளைச் சார்ஜ் செய்யத் தனியான, பாதுகாப்பான இடம் ஒதுக்குங்கள். எந்தத் தொழிலாளியும் தோட்டத்துப் பெட்டரியைக் காம்பராவுக்குக் கொண்டுபோய் சார்ஜ் செய்ய வேண்டிய நிலை இருக்கக்கூடாது. விழுந்த பெட்டரியைப் பற்றிச் சொன்னவரிடம் அதன் விலையைச் சம்பளத்தில் கழிக்காதீர்கள். கழித்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். அதை மறைத்து வைத்திருப்பார்கள். மறைத்து வைத்த பெட்டரிதான் வெடிக்கும்.

பிரதேச சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும்: சேகரித்த பெட்டரிகளை அனுமதி பெற்ற நிறுவனங்கள் தோட்டங்களுக்கே வந்து எடுத்துச் செல்லும் ஒழுங்கைச் செய்யுங்கள். ஒரு பேருக்காக மலையேறும் தொழிலாளி, நான்கு பழைய செல்லைக் கொடுக்க ஒரு நாள் வேலையை விட்டு நகரத்துக்குப் போகமாட்டார்.

நுகர்வோர் விவகார அதிகார சபையிடம்: சந்தையில் பழைய செல்லுக்குப் புது உறை போட்டு விற்பவர்களைத் தேடிப் பிடியுங்கள். தோழர்களே, அப்படி ஏமாந்தவர்கள் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது பழைய கோரிக்கையே. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையினால் வரும் காயத்துக்கு வழி சொல்கிறது. இரவில் எரிந்த காம்பராவுக்கு அது வழி சொல்லாது. அந்தக் காம்பராவும் தொழிலாளியின் பெயரில் இல்லை. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகள் உட்பட, ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது வெறும் வசதி சம்பந்தப்பட்ட விடயம் அன்று. ஒரு வீட்டில் பிடித்த தீ ஒரு வீட்டோடு நிற்க வேண்டும் என்ற உயிர்ப் பிரச்சினை அது.

இளைஞர்களே, உங்களுக்கு

அந்தப் பிஸ்கட் டின்னைச் செய்த தம்பியை மறு வாரம் சந்தித்தோம். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். "எது நல்ல செல், எது கெட்ட செல்னு எப்படிங்க பார்க்கிறது? யாராச்சும் சொல்லிக் குடுத்தா நான் ஒழுங்காச் செய்வேனே" என்றார். அந்தக் கேள்விக்கு விடை கொடுப்பது சங்கத்தின் கடமை. ஹட்டன், கொட்டகலைப் பகுதி இளைஞர்களுக்கு இது பற்றிய பயிற்சி நடத்தும்படி தொழிற்பயிற்சி அதிகார சபையிடம் கேட்கப் போகிறோம். உங்கள் பெயரைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். உங்கள் கைத்திறன் ஒரு தொழிலாக வேண்டும்.

அதுவரை இதைக் கேளுங்கள். பழைய லெப்டொப் செல்லில் பெட்டரி கட்டுவதை நிறுத்துங்கள். கட்டியே ஆக வேண்டுமென்றால் புதிய, ஒரே வகைச் செல், பாதுகாப்பு மின்பலகை, பியூஸ், அந்தப் பெட்டரிக்கே உரிய சார்ஜர் ஆகிய நான்கும் இல்லாமல் தொடாதீர்கள். தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள். வாங்க வசதி உள்ளவர்கள் லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் முழுக்க ஆபத்தில்லாதது என்று சொல்ல முடியாது. ஆனால் லெப்டொப் செல்லைப் போல இலகுவில் கட்டு மீறாது. மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல பெட்டியை வாங்கலாம். லயத்தில் சீட்டுப் பிடிக்கத் தெரிந்த எமக்கு இது பெரிய காரியம் இல்லை.

மாதர் தலைவிகளிடமும் ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தைப் பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கும் அது போய்ச் சேரட்டும். எந்த வீட்டிலாவது வீங்கிய பெட்டரியைக் கண்டால் சண்டை போடாமல், ஒரு மணல் டின்னைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எமது காரியாலய முற்றத்து மணலில் இப்போது ஒரு தகர டின் இருக்கிறது. அந்தத் தலைவர் கொண்டு வந்த செல்கள் அதில்தான் கிடக்கின்றன. உங்கள் தோட்டத்திலும் அப்படி ஒன்று வைக்கும் வரை நிர்வாகத்தை விடாதீர்கள். வைத்துவிட்டால் எமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தத் தோட்டங்களின் பெயர்களை வெளியிடுவோம்.